அப்டேட் போட்டதும் திரை மினுக்கினால்: ரீசெட்டுக்கு முன் செய்ய வேண்டியவை

அப்டேட் ஏறிய மறுநாள் போன் திரை மினுக்கத் தொடங்கினால், பலரும் உடனே செய்வது இரண்டில் ஒன்று. ஃபேக்டரி ரீசெட் போடுவார்கள், இல்லையென்றால் கடையில் கொடுத்து டிஸ்ப்ளேயை மாற்றிவிடுவார்கள். முதலாவதில் ஒரு நாள் வேலை கெடும், சிலருக்குப் படங்களும் போகும். இரண்டாவதில் நன்றாக இருந்த ஒரிஜினல் பேனல் கழற்றப்பட்டு, தரம் குறைந்த ஒன்று அந்த இடத்தில் உட்காரும். இவ்வளவு செய்தும் மினுக்கல் அப்படியே இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, ஏனென்றால் அது எங்கே பிறக்கிறது என்று யாருமே பார்க்கவில்லை. அதை முதல் கட்டமாகப் பார்க்க அரை மணி நேரம் போதும். கருவி எதுவும் வேண்டாம், இன்னொரு போன் கையில் இருந்தால் வசதி.

திரையில் ஒரு படம் வருவதற்குள் அது நான்கு இடங்களைக் கடக்கிறது. ஆப் தன் பங்கை வரைகிறது. மேலே இருக்கும் ஸ்டேட்டஸ் பார், கீழே கீபோர்டு, நடுவில் ஆப் என்று தனித்தனியாக இருக்கும் அடுக்குகளை சிஸ்டம் ஒன்றாக்குகிறது. டிஸ்ப்ளே டிரைவர் என்ற சாஃப்ட்வேர் அதை வினாடிக்கு 60, 90 அல்லது 120 முறை பேனலுக்கு அனுப்புகிறது; இந்த எண்தான் ரெஃப்ரெஷ் ரேட். கடைசியில் பேனல் ஒளிர்கிறது. அப்டேட் இதில் முதல் மூன்றையும் நேரடியாகத் தொடும். எந்த பிரைட்னஸில், எந்த வேகத்தில், எவ்வளவு ஒளிர வேண்டும் என்ற அட்டவணைகளும் சாஃப்ட்வேரில்தான் இருக்கின்றன என்பதால் நான்காவதையும் கொஞ்சம் தொடும். தொட முடியாதது கேபிளையும், கண்ணாடியையும், அதில் ஒட்டியிருக்கும் சிப்பையும்தான்.

முதல் சோதனை ஸ்கிரீன் ரெக்கார்டிங். மினுக்கும்போதே ஒரு நிமிடம் ரெக்கார்ட் செய்து, அந்த வீடியோவை வேறொரு போனில் ஓட்டிப் பாருங்கள். வீடியோவிலும் மினுக்கினால் பேனல் நிரபராதி. குற்றம் ஆப்பிலோ, படம் வரையும் சிப்பான ஜிபியூவை இயக்கும் டிரைவரிலோ இருக்கிறது. இந்தச் சோதனையை எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அதன் மறுபாதியைத் தவறாகச் சொல்வார்கள். வீடியோவில் மினுக்கல் வரவில்லை என்றால் ஹார்டுவேர் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. ரெக்கார்டிங் என்பது சிஸ்டம் தயாரித்த படத்தின் பிரதி மட்டுமே. அதற்குப் பிறகு, பேனலுக்குப் போகும் வழியில் நடக்கும் ரெஃப்ரெஷ் ரேட் மாற்றமும் பிரைட்னஸ் மாற்றமும் அதில் பதியாது. அவை இரண்டுமே சாஃப்ட்வேர் சமாச்சாரங்கள்தான். இந்த ஒரு தவறான புரிதலால் தேவையில்லாமல் கழற்றப்படும் பேனல்கள் ஏராளம்.

இரண்டாவது சோதனை இன்னும் வலுவானது. போனை அணைத்துவிட்டு ஆன் செய்து, நிறுவனத்தின் லோகோ வரும்போது உற்றுப் பாருங்கள். அந்த நேரத்தில் ஆண்ட்ராய்டோ ஐஓஎஸ்ஸோ முழுதாக எழுந்திருக்காது, ஆப் எதுவும் ஓடாது. லோகோவே நடுங்கினாலோ, கோடுகளோடு வந்தாலோ கேபிள் அல்லது பேனல் பக்கம்தான் பார்க்க வேண்டும். லோகோ சில வினாடிகளில் மறைந்துவிடும் என்பதால் ஆண்ட்ராய்டில், சிஸ்டம் எழாமலே வரும் பழுதுநீக்கும் பட்டியலான ரிக்கவரி மெனு வரை போய், பத்து நிமிடம் அந்தத் திரையை அப்படியே விட்டுப் பார்ப்பது நல்லது. அங்கே எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம், பார்த்தால் போதும். கூகுளின் பிக்சல் போன்றவற்றில் பவர் பட்டனையும் வால்யூம் டவுனையும் சேர்த்துப் பிடித்தால் வரும் பூட்லோடர் திரையே இதற்குப் போதும். ஒரு எச்சரிக்கை: இந்தத் திரைகள் மாறாத பிரைட்னஸிலும் மாறாத வேகத்திலும் ஓடுகின்றன. குறைந்த வெளிச்சத்தில் மட்டும் தடுமாறும் பேனல் இங்கே ஒழுங்காகத் தெரியலாம். ஆகவே இங்கே மினுக்கினால் தீர்ப்பு உறுதி. மினுக்காவிட்டால் சாஃப்ட்வேர் பக்கம் சாய்வு அதிகம், அவ்வளவே.

மூன்றாவதாக, ஆட்டோ பிரைட்னஸை அணைத்துவிட்டு, முழு பிரைட்னஸில் ஐந்து நிமிடம், பிறகு 15 சதவீதத்தில் ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். சார்ஜர் கழற்றியிருக்க வேண்டும், போன் சூடாக இருக்கக் கூடாது. குறைந்த வெளிச்சத்தில் மட்டும் மினுக்கினால் அடுத்து வரும் பகுதி உங்களுக்கானது. அப்டேட்டுக்குப் பின் வரும் புகார்களில் எனக்கு முதல் சந்தேகம் எப்போதும் இங்கேதான் விழும்.

ரெஃப்ரெஷ் ரேட் தாவும்போது

120 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 120 முறை) போன் எப்போதும் 120-இல் ஓடுவதில்லை. விரல் பட்டால் ஏறும். விரலை எடுத்துச் சில வினாடிகளில் 60-க்கோ அதற்கும் கீழேயோ இறங்கும். 120-இல் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 8.3 மில்லிவினாடி, 60-இல் 16.7. புள்ளிகள் தாமே ஒளிரும் ஓஎல்இடி பேனலில் ஒவ்வொரு புள்ளியும் தனக்கான மின்னழுத்தத்தை அந்த நேரத்துக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும். வேகம் மாறினால் அதே சாம்பல் நிறத்துக்கு வேறு அளவு தேவைப்படும். அதனால்தான் தொழிற்சாலையில் ஒவ்வொரு வேகத்துக்கும் தனி அளவீடு செய்கிறார்கள். பிரகாசமான படத்தில் சின்ன வித்தியாசம் கண்ணுக்குப் படாது. அடர் சாம்பலில், அதுவும் குறைந்த பிரைட்னஸில், புள்ளிக்குள் ஓடும் மின்சாரமே மிகச் சிறியது என்பதால் அந்த வித்தியாசம் ஒரு வெட்டாகத் தெரியும், சில போன்களில் பச்சைச் சாயலோடு. பல நிறுவனங்கள் இதைத் தெரிந்தேதான், இருட்டில் வேகம் தாவாமல் பூட்டி வைக்கின்றன. அப்டேட் ஒன்றில் அந்தப் பூட்டின் எல்லை கொஞ்சம் நகர்ந்தால், நேற்று வரை தெரியாத மினுக்கல் இன்று தெரியும்.

சோதிப்பது எளிது. அறையை இருட்டாக்கி, பிரைட்னஸை 10 முதல் 20 சதவீதத்தில் வைத்து, ஒரே அடர் சாம்பல் நிறத்தில் இருக்கும் படத்தைத் திறந்து வையுங்கள். டார்க் மோடில் செட்டிங்ஸ் பக்கமும் ஓரளவு உதவும். திரையைத் தொடுங்கள், விடுங்கள், ஐந்து எண்ணுங்கள், மறுபடி தொடுங்கள். தொட்ட கணத்திலும் விட்டுச் சில வினாடி கழித்தும் வெளிச்சம் துள்ளினால் காரணம் இதுதான். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற மறைந்த பகுதி திறக்கும். அதில் ஷோ ரெஃப்ரெஷ் ரேட்டை ஆன் செய்தால் மூலையில் எண் ஓடும். எண் மாறும் கணமும் மினுக்கும் கணமும் ஒன்றாக இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

தற்காலிகத் தீர்வு, வேகத்தை ஒரே இடத்தில் கட்டிப்போடுவது. சாம்சங்கில் டிஸ்ப்ளே, மோஷன் ஸ்மூத்னஸ் போய் ஸ்டாண்டர்டு. பிக்சலில் ஸ்மூத் டிஸ்ப்ளேயை ஆஃப். மற்றவற்றில் ரெஃப்ரெஷ் ரேட் என்ற பெயரிலேயே இருக்கும், 60-ஐத் தேர்ந்தெடுங்கள். புரோமோஷன் (120 ஹெர்ட்ஸ் திரை) உள்ள ஐபோனில் ஆக்சசபிலிட்டி, மோஷன், லிமிட் ஃப்ரேம் ரேட். 60 கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்றால், சில போன்களின் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் இருக்கும் ஃபோர்ஸ் பீக் ரெஃப்ரெஷ் ரேட் மூலம் மேல் எல்லையிலேயே நிறுத்தலாம். பேட்டரி கூடுதலாகச் செலவாகும். நிரந்தரத் தீர்வு நிறுவனம் அனுப்பும் அடுத்த பேட்ச், அதாவது திருத்த அப்டேட்தான். குறைந்த வெளிச்சக் கோளாறுகளைச் சாஃப்ட்வேராலேயே சரிசெய்ய முடியும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது: ஐபோன் 12 மாடல்களில் குறைந்த பிரைட்னஸில் கறுப்புப் பின்னணியில் தெரிந்த மங்கலான ஒளிர்வைக் குறைக்கும் திருத்தம், 2021-இல் வந்த ஐஓஎஸ் 14.5-இல் சேர்க்கப்பட்டது. எந்தப் பேனலையும் கழற்றவில்லை.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று பிடபிள்யூஎம். ஓஎல்இடி திரை தன் வெளிச்சத்தைக் குறைக்க மிக வேகமாக அணைந்து எரியும். பல போன்களில் இது வினாடிக்கு 240 முறை. சில புதிய மாடல்களில் 1920, 2160, 3840 என்று போகும். வெறும் கண்ணுக்கு மினுக்கலாகத் தெரியாது, ஆனால் சிலருக்குக் கண் வலியும் தலைவலியும் வரும். வேறொரு போன் கேமராவில் பார்த்தால் திரையில் கறுப்புப் பட்டைகள் உருளும். அந்த வீடியோவைக் காட்டி டிஸ்ப்ளே போய்விட்டது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். நன்றாக இருக்கும் ஓஎல்இடி போனை அதே கேமராவில் பிடித்தாலும் பட்டைகள் வரும். கண் வலிதான் பிரச்சினை என்றால் பிரைட்னஸை 50 சதவீதத்துக்கு மேல் வைத்துவிட்டு, ஆண்ட்ராய்டு 12 முதல் இருக்கும் எக்ஸ்ட்ரா டிம் மூலமோ, ஐபோனில் ரெட்யூஸ் ஒயிட் பாயிண்ட் மூலமோ படத்தை மங்கலாக்குங்கள். படம்தான் கறுக்கும், பேனலின் துடிப்பு ஆழமாகாது.

கோளாறே இல்லாத மினுக்கல்கள்

அப்டேட் புதிதாகச் சேர்க்கும் வசதிகளும், கை தவறி ஆன் ஆன சில சுவிட்சுகளும் அப்படியே பழுதுபோலத் தெரியும். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ஸ்ட்ரிக்ட் மோடு ஆன் ஆகியிருந்தால், ஏதாவது ஆப் தன் முக்கிய வேலையில் சற்றுத் தாமதித்தாலே திரையின் ஓரம் சிவப்பாகப் பளிச்சிடும். ஷோ சர்ஃபேஸ் அப்டேட்ஸ் ஆன் ஆகியிருந்தால், திரையில் எது மாறினாலும் அந்தப் பகுதி முழுவதும் நிறம் மின்னும். இரண்டையும் அணைத்தால் முடிந்தது. எது எதை மாற்றினோம் என்று நினைவில்லை என்றால் டெவலப்பர் ஆப்ஷன்ஸை மொத்தமாகவே ஆஃப் செய்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு 14-இல் வந்த ஃப்ளாஷ் நோட்டிஃபிகேஷன், செய்தி வரும்போது திரையையே நிறத்தோடு மின்னவைக்கும். செட்டிங்ஸ் தேடலில் அந்தப் பெயரைப் போட்டுப் பாருங்கள். அதே ஆண்ட்ராய்டு 14-இல், வெளிச்சமான பகுதிகளைக் கூடுதல் பிரகாசத்தோடு காட்டும் ஹெச்டிஆர் படங்களுக்கான ஆதரவு வந்தது. அப்படி ஒரு படத்தைத் திறந்ததும் திரை வெளிச்சம் திடீரென்று எழும்பும், மூடியதும் அடங்கும். குறிப்பிட்ட படங்களிலும் வீடியோக்களிலும் மட்டும் நடந்தால் காரணம் அதுதான்.

ஆட்டோ பிரைட்னஸும் அப்டேட்டுக்குப் பிறகு தடுமாறும். உங்கள் பழக்கத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டதை அது மறந்துபோயிருக்கலாம், பழைய பாடம் புதிய அளவுகோலுக்குப் பொருந்தாமலும் போகலாம். மெதுவாக ஏறி இறங்கும் வெளிச்சம் இதன் அடையாளம். பிக்சலில் ஆப்ஸ் பட்டியலில் டிவைஸ் ஹெல்த் சர்வீசஸைத் திறந்து, ஸ்டோரேஜ் பகுதியில் ரீசெட் அடாப்டிவ் பிரைட்னஸ் கொடுக்கலாம். மற்றவற்றில் ஒரு வாரம் கையாலேயே திருத்திக்கொண்டு வந்தால் மறுபடி பழகிக்கொள்ளும். லைட் சென்சாரை மறைக்கும் கண்ணாடி ஒட்டியிருந்தால் அதையும் கவனியுங்கள்.

அப்டேட் ஏறிய முதல் ஓரிரு நாள் போன் பின்னணியில் எல்லா ஆப்களையும் புதிய சிஸ்டத்துக்கு ஏற்பத் திரும்பத் தயார் செய்துகொண்டிருக்கும். சூடாகும், சூட்டில் திரை தானே மங்கும். அதனால் மினுக்கல் லேசானதாக இருந்தால், பிளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ எல்லா ஆப்களையும் அப்டேட் செய்துவிட்டு இரண்டு நாள் காத்திருப்பது சோம்பேறித்தனம் அல்ல, சரியான முறை.

ஆப்பா, டிரைவரா

ஆண்ட்ராய்டில் சேஃப் மோடு இதைப் பிரித்துக் காட்டும். பவர் மெனுவில் பவர் ஆஃப் என்பதை அழுத்திப் பிடித்தால் கேட்கும், ஓகே கொடுங்கள். ஹோம் ஸ்கிரீனில் வைத்த சில விட்ஜெட்டுகள் இடம் பெயரலாம், முன்கூட்டியே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சேஃப் மோடில் நீங்கள் போட்ட ஆப்கள் ஓடாது. ஒரு மணி நேரம் சாதாரணமாகப் பயன்படுத்துங்கள். மினுக்கல் இல்லையென்றால் ஏதோ ஒரு ஆப்தான். எல்லாவற்றையும் அழிக்க வேண்டியதில்லை. ஸ்பெஷல் ஆப் ஆக்சஸில், மற்ற ஆப்களின் மேல் தோன்றும் அனுமதி யாருக்கெல்லாம் இருக்கிறது என்ற பட்டியலை எடுங்கள். நீல ஒளியை வடிகட்டும் ஆப்கள், மிதக்கும் பட்டன்கள், கால் ரெக்கார்டர்கள், தனி லாஞ்சர்கள் ஆகியவற்றின் மீதுதான் முதல் சந்தேகம். திரை முழுக்க ஒரு கண்ணாடித்தாளை விரித்ததுபோல உட்கார்ந்திருக்கும் வடிகட்டி ஆப், புதிய சிஸ்டத்தோடு ஒத்துப்போகாவிட்டால் திரை முழுவதுமே துடிக்கும். அனுமதியை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்.

சேஃப் மோடிலும் மினுக்கினால், டெவலப்பர் ஆப்ஷன்ஸில் டிஸேபிள் ஹெச்டபிள்யூ ஓவர்லேஸ் என்று ஒன்று இருக்கும். அடுக்குகளைச் சேர்க்கும் வேலையை வழக்கமாக டிஸ்ப்ளேக்கான தனி வன்பொருள் பார்த்துக்கொள்ளும். இந்த சுவிட்சை ஆன் செய்தால் மொத்த வேலையும் ஜிபியூவுக்குப் போகும். மினுக்கல் உடனே நின்றால், அப்டேட்டோடு வந்த டிஸ்ப்ளே டிரைவரில் பிழை என்று கிட்டத்தட்ட உறுதி. இதைத் தீர்வாகவே வைத்துக்கொள்ள முடியாது. போனை ரீஸ்டார்ட் செய்தால் தானாக அணைந்துவிடும், பேட்டரியும் கொஞ்சம் கூடுதலாகப் போகும். ஆனால் நிறுவனத்துக்குப் புகார் எழுதும்போது இதைவிடத் துல்லியமான தகவல் வேறில்லை.

சிஸ்டத்தின் தற்காலிகக் கோப்புகள் இருக்கும் கேஷ் பார்ட்டிஷனைத் துடைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. பிக்சல் போன்ற பல புதிய போன்களில் அப்படி ஒரு பார்ட்டிஷனே கிடையாது, தேடி அலைய வேண்டாம். சாம்சங்கில் உண்டு. போனை அணைத்து, கணினியோடு யூஎஸ்பி கேபிளில் இணைத்து, வால்யூம் அப்பையும் பக்கவாட்டுப் பட்டனையும் லோகோ வரும் வரை பிடிக்க வேண்டும். கேபிள் இல்லாமல் ரிக்கவரிக்குள் போக ஆண்ட்ராய்டு 11-க்குப் பிந்தைய சாம்சங் போன்கள் விடுவதில்லை. வால்யூம் பட்டனால் வைப் கேஷ் பார்ட்டிஷன் வரை இறங்கி, பவரால் தேர்ந்தெடுங்கள். அதற்கு அருகிலேயே வைப் டேட்டா என்று ஒன்று இருக்கும். அது எல்லாவற்றையும் அழிப்பது, விரல் தவறக் கூடாது.

ஐபோனில் சேஃப் மோடு இல்லை. வால்யூம் அப்பை ஒரு தட்டு, வால்யூம் டவுனை ஒரு தட்டு, பிறகு பக்கவாட்டுப் பட்டனை ஆப்பிள் சின்னம் வரும் வரை பிடித்து ஃபோர்ஸ் ரீஸ்டார்ட் செய்யுங்கள். ட்ரூ டோன், நைட் ஷிஃப்ட், ஆட்டோ பிரைட்னஸ் மூன்றையும் அணைத்துப் பாருங்கள். பலன் இல்லையென்றால் ரீசெட் ஆல் செட்டிங்ஸ். படங்களும் ஆப்களும் அப்படியே இருக்கும், வைஃபை பாஸ்வேர்டுகளும் அமைப்புகளும் மட்டும் போகும். கடைசியாக, ரிக்கவரி மோடில் கணினியோடு இணைத்து, ரீஸ்டோர் அல்ல, அப்டேட் என்பதைக் கொடுத்தால் தரவு அழியாமல் ஐஓஎஸ் மட்டும் புதிதாக ஏறும்.

அப்டேட்டின் மேல் பழி விழும் ஹார்டுவேர்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையும் நிறைய நடக்கிறது. அப்டேட் ஏறும்போது போன் சார்ஜில் இருக்கும், செயலி முழு மூச்சில் ஓடும், சூடு ஏறும், மாதக்கணக்கில் அணைக்காத போன் அணைந்து எழும். ஏற்கெனவே பலவீனமாக இருந்த ஒட்டு அன்றைக்குக் கையை விரிக்கும். மேலிருந்து கீழ் வரை பச்சை, இளஞ்சிவப்பு அல்லது வெள்ளை நிறத்தில் நேர்கோடு நின்றுவிட்டால் அது பேனலுக்கும் அதன் டிரைவர் சிப்புக்கும் இடையிலான இணைப்பு. எந்த செட்டிங்கும் அதை அழிக்காது. சில நிறுவனங்கள் குறிப்பிட்ட மாடல்களுக்கு வாரண்டி முடிந்த பிறகும் இதற்காகப் பேனலை இலவசமாக மாற்றித் தந்திருக்கின்றன. பணம் கொடுக்கும் முன் அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள்.

போனை லேசாகச் சாய்க்கும்போதோ பாக்கெட்டிலிருந்து எடுக்கும்போதோ மினுக்கல் மாறினால் திரையைப் போனோடு இணைக்கும் ஃப்ளெக்ஸ் கேபிளின் கனெக்டர் தளர்ந்திருக்கலாம். சோதிக்கிறேன் என்று திரையை அழுத்தாதீர்கள், ஓஎல்இடி விளிம்பு அதைத் தாங்காது. திரையின் ஒரு பக்கம் உடம்பிலிருந்து மேலெழும்பியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கலாம். சார்ஜ் போடுவதை அந்த நிமிடமே நிறுத்துங்கள். எல்சிடி போனில் திரை கறுத்துக் கறுத்து வந்தால், கறுத்த நேரத்தில் சாய்வாக டார்ச் அடியுங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால் பேனல் நலம், பின்னொளிச் சுற்றுதான் பழுது.

முன்பே மாற்றப்பட்ட திரை தனிக் கதை. ஒரிஜினல் அல்லாத பேனலில் இருக்கும் சிப், ஒரிஜினல்போல நடிக்கக் கற்றது. அப்டேட் அதனிடம் புதிதாக ஒன்றைக் கேட்டால் பதில் தெரியாமல் விழிக்கும். 2018-இல் ஐஓஎஸ் 11.3 ஏறியதும் ஒரிஜினல் அல்லாத திரை மாட்டிய சில ஐபோன் 8-களில் தொடுதல் நின்றுபோனது, 11.3.1 வந்துதான் சரியானது. ஐபோன் 11 முதல், செட்டிங்ஸில் அபௌட் பக்கத்தில் டிஸ்ப்ளே மாற்றப்பட்டதா, அசல்தானா என்று பார்க்கலாம். பழைய போன் வாங்கியவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

ஃபேக்டரி ரீசெட்டை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம், அது உங்கள் தரவையும் அமைப்புகளையும் மட்டும்தான் அழிக்கிறது. புதிய சிஸ்டமும் அதன் டிரைவரும் அப்படியே இருக்கும். டிரைவர் பிழை ரீசெட்டால் போகாது. சேஃப் மோடில் மினுக்காமல், எந்த ஆப் என்றும் பிடிபடாமல் இருக்கும்போது மட்டுமே அது பொருள் உள்ள முயற்சி. செய்வதானால் பேக்கப்பைத் திறந்து பார்த்து உறுதிசெய்யுங்கள். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு நினைவில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ரீசெட்டுக்குப் பின் போன் பூட்டிக்கொள்ளலாம். பழைய பதிப்புக்கு இறங்குவது அதைவிட ஆபத்து. ஆப்பிள் பழைய பதிப்புகளுக்கு அனுமதி தருவதைச் சீக்கிரமே நிறுத்திவிடும். ஆண்ட்ராய்டிலும் பல போன்களில் பூட்லோடர் பின்னோக்கிப் போக விடாது. 2022-இல் பிக்சல் 6 வரிசைக்கு ஆண்ட்ராய்டு 13 வந்தபோது அப்படி ஒரு தடுப்பும் சேர்ந்தே வந்தது. மீறி முயன்றால் மினுக்கும் போனுக்குப் பதில் எழுந்திருக்காத போன் கையில் இருக்கும்.

சர்வீஸ் சென்டருக்குப் போகும்போதும் நிறுவனத்துக்குப் புகார் அனுப்பும்போதும் இவற்றை எழுதி எடுத்துப் போங்கள்: பில்டு நம்பர், செக்யூரிட்டி பேட்ச் தேதி, எத்தனை சதவீத பிரைட்னஸில், எந்த ரெஃப்ரெஷ் ரேட்டில், இருட்டிலா வெளிச்சத்திலா, சேஃப் மோடில் வருகிறதா, லோகோவில் வருகிறதா. கூடவே இன்னொரு போனில் 240 ஃப்ரேம் ஸ்லோ மோஷனில் எடுத்த 20 வினாடி வீடியோ, நல்ல போன் ஒன்றைப் பக்கத்தில் வைத்து எடுத்தது. ஒப்பிட ஆள் இருந்தால் பட்டைகளைப் பற்றிய வாதம் எழாது.

அடுத்த பேட்ச் வந்ததும் 60-க்குக் கட்டியதை அவிழ்த்துவிட்டு, அதே இருட்டறையில் அதே சாம்பல் படத்தை மறுபடி தொட்டுப் பாருங்கள். துள்ளல் இல்லையென்றால் மற்ற அமைப்புகளையும் ஒவ்வொன்றாகப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம், ஒரு நாளைக்கு ஒன்று வீதம்.